மின்னலுக்கு மூடிய திரை

தம்பிக்கு,

சுகம் விசாரித்துத் தொடங்கினால் அது பொய்யாகிவிடும். நீ சுகமாக இல்லை என்பது எனக்குத் தெரியும். நான் எப்படி இருக்கிறேன் என்பது இதைப் படித்து முடிக்கும்போது உனக்குத் தெரியும். பிள்ளைமடுவத்தில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். மலைக்குத் தேயிலைக் கொழுந்தெடுக்கப் போகும் அம்மாமாரின் பிள்ளைகளை இருபத்தாறு வருடமாக இந்த ஒரே கட்டடத்தில் வைத்துப் பார்த்து வருகிறவளுக்கு, அவர்கள் பகலில் தூங்கும் ஒன்றரை மணிநேரம்தான் சொந்த நேரம். இன்றைக்குப் பத்தொன்பது பேர். பதினேழு பேர் தூங்கிவிட்டார்கள். மற்ற இரண்டும் கண்ணை மூடிக்கொண்டு நடிக்கின்றன. எனக்குத் தெரியாதா என்ன.

நீ மருத்துவப் பரிசோதனைக்காகக் கொழும்புக்குப் போயிருக்கிறாய். சனிக்கிழமை வருவாய். செவ்வாய்க்கிழமை கட்டாருக்கு விமானம் ஏறுவாய். ஒரு கிடங்கில் பெட்டி தூக்கி அடுக்கும் வேலை. பெட்டி தூக்குவது கேவலம் என்று சொல்ல வரவில்லை, உன் அப்பா உயிரோடு இருந்த வரைக்கும் தூக்காத மூட்டையா? ஆனால் நாலு வருடம் கணினியில் உட்கார்ந்து, கம்பெனிக்காரர்களே போன் போட்டு யோசனை கேட்கிற அளவுக்கு வந்த பிள்ளை ஏன் அதை விட்டுவிட்டுப் போகிறாய் என்று நான் கேட்டதற்கு, "என் கைய எனக்கே நம்ப முடியலம்மா" என்றாயே, அது என்னை அறுக்கிறது. அந்த மழை நாளில் பிள்ளைமடுவத்துக்கு எச்சரிக்கை வராமல் போனது உன் கை செய்த பிழை என்று நீ நம்புகிறாய். அந்த நாளில் உனக்குத் தெரியாத இருபத்தைந்து நிமிடம் ஒன்று இருக்கிறது. எனக்குத் தெரியும். எட்டு மாதமாகத் தெரியும்.

எங்கிருந்து தொடங்குவது என்று விளங்கவில்லை. உன் வேலையே எனக்கு ஒழுங்காக விளங்கியதில்லை, அதிலிருந்துதான் எல்லா வினையும். முதலில் ஊரில் கேட்பவர்களுக்கு "கம்ப்யூட்டர் வேலை" என்று சொல்லிவைத்தேன். நம் ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் பாதிப் பேர் உடைந்த போனைத் தூக்கிக்கொண்டு நம் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். நீ தலையில் கைவைத்துக்கொண்டு என்னை உட்கார வைத்துச் சொன்னாய். இங்கேயிருந்து கொஸ்லந்த வரைக்கும் மலைச்சரிவுகளில் மழையை அளக்கும் மானிகள் வைத்திருக்கிறார்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒவ்வொன்றும் ஓர் எண்ணை அனுப்பும். அந்த எண்கள் எல்லாம் ஒரு வழியாகக் கொழும்பில் இருக்கிற சர்வருக்குப் போய், பிழையானது கழிந்து, கூட்டப்பட்டு, மழை எல்லையைத் தாண்டினால் அந்தச் சரிவில் இருக்கிறவர்களின் போனுக்கு மெசேஜ் வரும். அந்த வழிக்குப் பெயர் பைப்லைன். அதை ஓட்டுவதும், ஓடுகிறதா என்று பார்ப்பதும் உன் வேலை. "பீலி மாதிரியா?" என்று கேட்டேன். "பீலி மாதிரித்தான். தண்ணிக்குப் பதிலா நம்பர் வரும்" என்றாய். அன்றைக்கு எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது போல இருந்தது. அரைகுறையாக விளங்குவதுதான் ஆபத்து என்பது இப்போதுதான் தெரிகிறது.

மற்றப் பிள்ளைகள் கணினியில் படம் பார்ப்பார்கள், பொம்மை மாதிரி ஒன்றைத் தட்டுவார்கள். உன் திரை மட்டும் ஒரே கறுப்பு. அதில் நீ ஒரு சொல்லை அடித்துத் தட்டுவாய், வெள்ளை எழுத்து வரி வரியாக ஏறும். "டெயில்" என்று ஒன்று அடித்தால் பதிவின் கடைசி வரிகள் வரும், புதிதாக எழுதுவதும் வந்துகொண்டே இருக்கும் என்றாய். "கிரெப்" என்று ஒன்று, அது ஆயிரம் வரியிலிருந்து வேண்டியதை மட்டும் பொறுக்கித் தரும், அரிசியில் கல் பொறுக்குவது போல. நான் பின்னால் நின்று, "இப்ப என்னடா சொல்லுது?" என்பேன். "பதினாலாம் மானியில மழை இல்லையாம்." "இத சொல்ல ஒரு மெஷினா? ஜன்னலத் தொறந்தா தெரியாதா?" நீ சிரிப்பாய். அந்தச் சிரிப்பைப் பார்த்து எட்டு மாதம் ஆகிறது.

சில நேரம் நீ ஒரு நீளமான வரியை அடித்துத் தட்டுவாய், திரை ஒன்றுமே சொல்லாது. வெறும் கோடு ஒன்று கண்ணடித்துக்கொண்டு நிற்கும். "என்னடா, செத்துப் போச்சா?" "இல்லம்மா, ஒண்ணும் சொல்லலன்னா நல்லபடியா ஓடுதுன்னு அர்த்தம். கோளாறு இருந்தாத்தான் வாயத் தொறக்கும்." இது என்ன உலகம் தம்பி? என் வேலையில் அது நேர்மாறு. பிள்ளைமடுவத்தில் சத்தம் இருக்கிற வரைக்கும் நான் நிம்மதியாகப் பால் கரைப்பேன். சத்தம் நின்றால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவேன். வாயை மூடிக்கொண்டு மூலையில் இருக்கிற பிள்ளை மூக்குக்குள் பட்டாணியைச் செருகிக்கொண்டிருக்கும். உனக்கும் செருகி எடுத்திருக்கிறேன். ஆனால் படித்த பிள்ளை சொல்கிறான், அவன் உலகத்தில் அமைதி என்றால் சுகம் போல என்று நம்பினேன். அந்த நம்பிக்கையைத்தான் அன்றைக்குத் தப்பான இடத்தில் பாவித்தேன்.

அன்றைக்கு உன்னைப் பதுளைக்கு அனுப்பியதும் நான்தான். என் மூக்குக்கண்ணாடி வந்துவிட்டது என்று கடையிலிருந்து போன் வந்தது. மத்தியானம் பிள்ளைகளைப் படுக்க வைத்துவிட்டு வீட்டுக்கு ஓடி வந்து உன் தலைமாட்டில் நின்றேன். "அம்மா, ஒரு வேல ஓடுது. புது மானிகள சேக்குறேன். நாப்பது நிமிஷம், முடிஞ்சதும் போறேன்." நான் விட்டேனா? "அது பாட்டுக்கு ஓடுது. நீ மொறச்சிப் பாத்துக்கிட்டு இருந்தா வேகமா ஓடுமா? பஸ் போயிரும். கண்ணு தெரியாம பிள்ளைக்கு மருந்த மாத்திக் குடுத்தா நீயா பதில் சொல்லுவ?" என்று பிடித்துத் தள்ளினேன். வானம் வெளுத்துக் கிடந்தது. நீ யன்னல் வழியாக ஒரு தரம் வானத்தைப் பார்த்தாய், திரையை ஒரு தரம் பார்த்தாய். "சரி. இத மட்டும் தொடாதீங்க" என்றாய். "தொட்டா?" என்று கேட்டேன். "வேல இங்க நடக்கலம்மா, கொழும்புலதான் நடக்குது. இது வெறும் கதவு. இருந்தாலும் தொடாதீங்க" என்று சொல்லிக்கொண்டே செருப்பை மாட்டினாய். அந்த மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

நான் பிள்ளைமடுவத்துக்குத் திரும்பி அரை மணிநேரம் இருக்காது. நமுனுகுல மலைப் பக்கத்திலிருந்து கறுத்துக்கொண்டு வந்தது. நம் பக்கத்து வானம் தெரியும்தானே, சொல்லிக்கொள்ளாமல் வரும். முதல் இடி விழுந்தது. உனக்கு ஆறு வயதில், லயத்து வரிசை வீட்டுக் காம்பராவில் நீ டிவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது அன்டெனா கம்பி வழியாக மின்னல் இறங்கியது ஞாபகம் இருக்கிறதா? டிவி வெடித்தது. நீ சுவரோரம் போய் விழுந்து கிடந்தாய். உன் அப்பா உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரி வரைக்கும் ஓடினார். உன் வலது கையில் இன்னும் அந்தத் தழும்பு இருக்கிறது. அன்றிலிருந்து இடி என்றால் நான் மனுஷியாக இருக்க மாட்டேன். "அர்ச்சுனா அர்ச்சுனா" என்று சொல்லிக்கொண்டே வயரை எல்லாம் கழற்ற வேண்டும், முகம் பார்க்கும் கண்ணாடியைத் துணியால் மூட வேண்டும், பளபளக்கிறது எதுவும் வெளியில் இருக்கக்கூடாது. இந்தத் தோட்டத்தில் செய்யாத வீடு எது? வீட்டில் உன் லெப்டொப் வயரில் மாட்டியபடி திறந்து கிடக்கிறது என்பது நினைவு வந்தது.

நான் போகக்கூடாது. பிள்ளைமடுவத்து டீச்சர் பிள்ளைகளை விட்டு வெளியே கால் வைக்கக்கூடாது என்பது முதல் சட்டம். படுக்க வைத்துவிட்டு உன்னிடம் ஓடி வந்ததே பிழை, இது இரண்டாவது. சமையலுக்கும் உதவிக்கும் இருக்கிற மீனாட்சியைக் கூப்பிட்டு, "அஞ்சு நிமிஷம் பாத்துக்க, ஓடி வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டு, சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடினேன். வீட்டுக்குள் போனதும் டிவி வயரைக் கழற்றினேன். ரவுட்டர் பெட்டியின் வயரைக் கழற்றினேன். கண்ணாடிக்குத் துணி போட்டேன். உன் கறுப்புத் திரையில் எழுத்து ஓடிக்கொண்டிருந்தது. ஒரு கணம் நின்றேன், அதையும் சொல்லத்தான் வேண்டும், தெரியாமல் செய்தேன் என்று தப்பிக்க வரவில்லை. தொடாதே என்று நீ சொன்னது காதில் கேட்டது. வேலை கொழும்பில் நடக்கிறது, இது வெறும் கதவு என்றதும் கேட்டது. டிவியை நிறுத்தினால் கொழும்பில் செய்தி வாசிக்கிற பெண் நிறுத்திவிடுவாளா? மாட்டாள். அப்போது வீட்டுக்கு மேலேயே ஒரு வெட்டு வெட்டியது. வயரைப் பிடுங்கி, திரையை மூடி, அலுமாரியைத் திறந்து என் முகூர்த்தப் பட்டுச்சேலையை எடுத்து அதில் சுற்றி, கட்டிலுக்கு நடுவில் வைத்தேன். பட்டில் மின்னல் இறங்காது என்று லயத்தில் சொல்வார்கள். குளிரில் கிடக்கிற பிள்ளையைச் சுற்றுவது மாதிரித்தான் சுற்றினேன், தம்பி.

இரு. நடித்துக்கொண்டிருந்ததில் ஒன்று எழும்பிவிட்டது. ஒன்றுக்குக் கூட்டிப் போக வேண்டும்.

வந்துவிட்டேன். திரும்பி வந்தபோது மழை கொட்டத் தொடங்கியிருந்தது. உன் மெசேஜ் வந்தால் பிள்ளைகளை மேலே கோயில் மண்டபத்துக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும், அது ஏற்பாடு. அதற்கு முன் இரண்டு தரம் வந்திருக்கிறது, இரண்டு தரமும் போயிருக்கிறோம், ஒன்றும் நடக்கவில்லை, பிள்ளைகள் பிரசாதம் தின்றுவிட்டு வந்தார்கள். அன்றைக்கு மூன்று மணிக்கு மீனாட்சி வந்து, "டீச்சர், மழ வலுக்குது. பின்னால தண்ணி செவப்பா வருது. கோயிலுக்குப் போயிருவமா?" என்றாள். நான் போனை எடுத்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. "மெசேஜ் வரலயே மீனாட்சி. மழைய என் மகன்தானே பாத்துக்கிட்டு இருக்கான். ஒண்ணும் சொல்லலன்னா நல்லா இருக்குன்னு அர்த்தம்" என்றேன். உன் வார்த்தையைப் பெருமையாகத் திருப்பிச் சொன்னேன். பத்தொன்பது பிள்ளைகள் சுவர்ப் பக்கம் படுத்திருந்தார்கள். இருபத்தாறு வருடத்தில் முதல் தடவையாக அமைதியை நம்பி உட்கார்ந்திருந்தேன்.

நாலு மணிக்கு முன்னால் பின்மேடு சரிந்தது. சத்தம் பெரிதாக இல்லை, யாரோ கொழுந்து மூட்டையைத் தரையில் இழுக்கிற மாதிரி இருந்தது. குசினிக் கதவை உடைத்துக்கொண்டு மண் வந்து அடுப்பை மூடி, பால் சட்டியை மூடி, நடுச் சுவரில் வந்து நின்றது. அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம்தான் பிள்ளைகள். மீனாட்சி இரண்டு பேரை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒருத்தனைச் சட்டையில் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். நானும் ஓடினேன். எண்ணினேன், பத்தொன்பது. திரும்ப எண்ணினேன், பத்தொன்பது. ஒரு பிள்ளைக்குக் கீறல்கூட இல்லை. சாமி இருக்கிறது என்று எல்லாரும் சொன்னார்கள். எனக்கு அப்போது சாமி நினைவு வரவில்லை. மெசேஜ் ஏன் வரவில்லை என்பதுதான் மண்டைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது.

பிள்ளைகளை அம்மாமாரிடம் கொடுத்துவிட்டு, முழங்கால் வரைக்கும் மண்ணோடு வீட்டுக்கு வந்தேன். நீ வரும்போது எல்லாம் இருந்தபடியே இருக்கட்டும் என்று பட்டுச்சேலையை அவிழ்த்தேன். வயரை மாட்டினேன், ரவுட்டரை மாட்டினேன், திரையைத் திறந்தேன். கொஞ்சம் பொறுத்து ஒரு புதிய வரி வந்தது. எழுத்துக் கூட்டி வாசித்தேன். கடைசியில் "புரோக்கன் பைப்" என்று இருந்தது. உடைந்த குழாய். தோட்டத்துத் தண்ணீர்க் குழாயும் அன்றைக்கு மண்ணோடு உடைந்துதான் போயிருந்தது. கொழும்பில் இருக்கிறதற்கு இது எப்படித் தெரியும் என்று திகைத்து நின்றேன். சிரிக்காதே. பிறகு நீ சொன்னது ஞாபகம் வந்தது. கோளாறு இருந்தால்தான் வாயைத் திறக்கும். மெசேஜ் வராததற்கு நான் பிடுங்கிய வயர்தான் காரணமோ என்று அப்போதுதான் தோன்றியது.

பஸ் பாதி வழியில் நின்றதால் நடந்தே வந்தாய். பிள்ளைமடுவத்தைப் பார்த்துவிட்டு வந்தவன், என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாய். பிறகு உன் திரைக்கு முன்னால் போய் உட்கார்ந்தாய். அடித்தாய், தட்டினாய், திரும்ப அடித்தாய். "ரெண்டு பதினேழுக்கு அப்புறம் ஒரு வரியும் இல்ல" என்றாய், யாரிடமோ சொல்வது போல. திரும்பிப் பார்த்துக் கேட்டாய். "அம்மா, நடுவுல வீட்டுக்கு வந்தீங்களா? ஏதாச்சும் தொட்டீங்களா?" நான் சொன்னது உனக்கு நினைவிருக்கும். "நான் எங்கடா வந்தேன்? பிள்ளைகளோட மண்ணுக்குள்ள கிடந்தேன்." அந்த இடத்தில் மண்ணு என்ற வார்த்தையைப் போட்டால் நீ இரண்டாவது தரம் கேட்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் போட்டேன். நீ தலையைக் குனிந்துகொண்டாய்.

அதற்குப் பிறகு நடந்ததை நீ எனக்குச் சொல்லிச் சொல்லித்தான் நான் புரிந்துகொண்டேன். வேலை கொழும்பில் நடந்தாலும் உன் கதவு வழியாகத்தான் அதன் உயிர் இருந்திருக்கிறது. கதவு சாத்தியதும் அது பாதியில் செத்துவிட்டது. சாகும்போது, உள்ளே ஆள் இருக்கிறது என்று போட்டிருந்த பூட்டை எடுக்காமலே போய்விட்டது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வருகிற வழக்கமான வேலை, வந்து பூட்டைப் பார்த்து, உள்ளே யாரோ இருக்கிறார்கள் என்று சத்தம் போடாமல் திரும்பிப் போயிருக்கிறது. லயத்துப் பொதுக் கக்கூஸில் கதவு சாத்தியிருந்தால் மரியாதைக்குத் திரும்பிப் போவோமே, அதே மாதிரி. மானிகள் கத்திக்கொண்டிருந்தன, கேட்க ஆளில்லை. "ஒரே ஒரு சொல்லம்மா. வரிக்கு முன்னால ஒரு சொல் போட்டிருந்தா, கதவு மூடினாலும் அது பாட்டுக்கு ஓடியிருக்கும். நான் போடல" என்று நெற்றியில் அடித்துக்கொண்டாய். நீ ஒரு சொல்லை விட்டாய். அதே நாளில் நானும் ஒரு சொல்லை விட்டேன். நீ கேட்டபோது "ஆமா" என்று சொல்லியிருக்கலாம்.

கம்பெனியில் யாரும் உன்னை ஏசவில்லை. மேலதிகாரி போனில், இது எல்லாருக்கும் நடக்கிறது, இனி நடக்காமல் திருத்துவோம் என்றுதான் சொன்னார், நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். நீதான் விடவில்லை. அந்தப் பதிவை எத்தனை நாள் தோண்டினாய்! சோறு ஆறிக் கிடக்கும், நீ வரி வரியாகத் தேடிக்கொண்டிருப்பாய். இணைப்பு ஏன் அறுந்தது என்று அதில் இல்லை. எப்படி இருக்கும்? பட்டுச்சேலையை எந்தப் பதிவு எழுதும்? கடைசியில் அறிக்கையில், காரணம் தெரியவில்லை, பொறுப்பு என்னுடையது என்று எழுதி அனுப்பினாய். அடுத்த மாதம் வேலையை விட்டாய். நான் அடுப்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வெங்காயம் உரித்தேன். அழுவதற்கு அது ஒரு சாக்கு.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். எனக்கே ஒழுங்காகத் தெரியவில்லை. முதல் நாள் பயம். பிள்ளைகளை விட்டு வெளியே போனேன் என்று தெரிந்தால் ஓய்வுக்கு ஒரு வருடம் இருக்கும்போது என்னை நிறுத்திவிடுவார்கள், அதைவிட அந்த அம்மாமாரின் முகத்தில் எப்படி முழிப்பது? இரண்டாம் நாள், நேற்றே சொல்லவில்லையே என்ற வெட்கம். பிறகு வெட்கத்துக்கு மேல் வெட்கம் ஏறி, ஒரு மாதத்தில் அது சுவராகிவிட்டது. இப்போது குழப்பம். இதை உனக்காகச் சொல்கிறேனா, என் பாரம் இறங்கச் சொல்கிறேனா? நீ போகக்கூடாது என்று சொல்கிறேனா, தனியாகக் கிடக்கப் பயந்து சொல்கிறேனா? மண்டை காய்கிறது. ஒன்று மட்டும் நிச்சயம், இதைப் படித்துவிட்டு, "அப்படியும் என் தப்புதாம்மா, வயரப் பிடுங்கினா சாகுற மாதிரி நான் வச்சிருக்கக் கூடாது" என்பாய். இருக்கலாம். உன் பங்கு உனக்கு. ஆனால் என் பங்கையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு கட்டாருக்குப் போக உனக்கு யார் அனுமதி கொடுத்தது?

உனக்கு இது சின்ன வயதிலேயே உள்ள வியாதி. எட்டு வயதில் லயத்துப் பொதுக் குழாய் உடைந்து வாசலெல்லாம் தண்ணீர் ஓடியது. யார் செய்தது என்று கேட்டபோது நீ முன்னால் வந்து, "நான்தான்" என்றாய். எல்லாரும் பார்க்க நான் ஈர்க்குமாறால் அடித்தேன். மறுநாள்தான் தெரிந்தது, மாடு உரசி ஏற்கெனவே விரிசல் விட்டிருந்தது என்று. ஏன்டா நீ செய்யாததைச் செய்தேன் என்றாய் என்று கேட்டேன். அடிபட்ட காலைத் தடவிக்கொண்டு, "கடைசியா தொட்டது நான்தானேம்மா" என்றாய். அன்றைக்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. தேங்காய்ப்பால் சோறு செய்து கொடுத்துச் சமாளித்துவிட்டேன். நான் எப்போதும் அப்படித்தான், வாயால் சொல்ல வேண்டியதைச் சட்டியில் போட்டுக் கொடுப்பேன். இந்த எட்டு மாதத்தில் எத்தனை தடவை உனக்குத் தேங்காய்ப்பால் சோறு செய்தேன் என்று நினைத்துப் பார்.

இந்தக் கடிதத்தை உன் பயணப் பையில் சட்டைகளுக்கு நடுவில் செருகிவிடுவோம், அங்கே போய் இறங்கின பிறகு பார்க்கட்டும் என்றுதான் தொடங்கும்போது நினைத்தேன். எழுதி இவ்வளவு தூரம் வந்த பிறகு, அதுவும் வயரைப் பிடுங்கிவிட்டு ஒன்றும் தெரியாதவள் போல நிற்பதுதான் என்று படுகிறது. சனிக்கிழமை பஸ்ஸை விட்டு நீ இறங்கும்போது கையிலேயே தருவேன். நீ படிக்கும் வரைக்கும் பக்கத்தில் நிற்பேன். ஏசுவதென்றால் ஏசு. திங்கட்கிழமை தோட்டத்துத் தொரையின் ஒபிஸுக்குப் போய் என் பக்கத்தை நானே சொல்லிவிடுவேன், மீனாட்சியையும் கூட்டிக்கொண்டு. அதற்குப் பிறகு நீ செவ்வாய்க்கிழமை போவதென்றால் போ. சம்பளம் கூட என்று போ, உலகம் பார்க்க என்று போ, என் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்றுகூடப் போ. உன் கைக்குப் பயந்து மட்டும் போகாதே.

பிள்ளைகள் எழும்பத் தொடங்கிவிட்டார்கள். சத்தம் வருகிறது, நல்லது.

இத்துடன் ஒரு தாள் வைத்திருக்கிறேன். பிள்ளைமடுவத்துக் கொப்பியில் ஒவ்வொரு நாளும் நடந்ததை மணியோடு எழுதுவது என் பழக்கம். அன்றைக்கும் வீட்டிலிருந்து ஓடி வந்த ஈரக் கையோடு எழுதினேன், ஒன்றும் நடப்பதற்கு முன்னால். உன்னிடம் பொய் சொன்ன மறுநாள் அந்தத் தாளைக் கிழித்துப் பால்மா டின்னுக்கு அடியில் ஒளித்துவைத்தேன். எரிக்க மனம் வரவில்லை. அதில் இப்படி இருக்கிறது: "2.10 இடி, மின்னல். மீனாட்சியிடம் விட்டு வீட்டுக்குப் போனேன். எல்லா வயரும் கழற்றினேன். 2.35 வந்தேன். பிள்ளைகள் நலம்."

உன் பதிவில் கடைசி வரி இரண்டு பதினேழு. அதற்கு அடுத்த வரியைத்தான் நீ எத்தனை நாள் தேடினாய். அது உன் பதிவில் இல்லை, இந்தத் தாளில் இருக்கிறது. குழாய்க்கு அடி வாங்கினவனே, உன் நியாயப்படியே பார். கடைசியாகத் தொட்டது நீ இல்லை.

அம்மா